பாடுகிறவர் எங்கே அமர்ந்திருக்கிறார்?

சென்ற ஐப்பசியில், அடைமழை விடாது பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், உறையூரிலுள்ள என் தமக்கையின் வீட்டு மாடியறையில், சுவர்களில் பழைய ஜமக்காளங்களைத் தொங்கவிட்டு அதையே தன் ஒலிப்பதிவுக் கூடமாக அமைத்துக்கொண்டிருக்கும் அவள் மகன், தான் புதிதாகச் செய்து முடித்திருந்த ஒரு பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினான். பாட்டு, எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக் குழந்தைகளைத் தூங்கவைத்த ஒரு தாலாட்டு. பாடியவள் அவனுடைய பாட்டி, என் தாயார். முதலில் அவள் குரல் மட்டும் பதிவாகியிருந்த தடத்தை எவ்விதச் சேர்க்கையுமின்றி ஒலிக்கவிட்டான். எண்பது வயதைக் கடந்த அந்தக் குரலின் நடுக்கமும், ஒவ்வோர் அடியைத் தொடங்குமுன் அவள் இழுத்துக்கொள்ளும் மூச்சும், அவள் அமர்ந்திருந்த ஊஞ்சலின் சங்கிலி ஓர் ஒழுங்கான கால அளவில் முனகிய முனகலும் என் செவிக்கருகே கேட்டன. கண்ணை மூடினால், கீழ்க் கூடத்தின் சிவப்புத் தரையும் அதன்மேல் முன்னும் பின்னும் அசையும் அவள் பாதங்களும் தெரிந்தன.

பிறகு, "இப்ப முழுசாக் கேளுங்க மாமா" என்று சொல்லி, கீபோர்டும் புல்லாங்குழலும் சேர்ந்த முழுப் பாட்டையும் ஒலிக்கவிட்டான். அதில் என் தாயாரைக் காணவில்லை. பிரம்மாண்டமான ஒரு கல் மண்டபத்தின் மறுகோடியில் நின்றுகொண்டு, யாரோ ஒரு மூதாட்டி, எவருடைய குழந்தைக்கென்று சொல்ல முடியாதபடி பாடிக்கொண்டிருந்தாள், ஊஞ்சலின் முனகல் 'சுத்தம்' செய்யப்பட்டுவிட்டது, மூச்சுகளெல்லாம் கத்தரிக்கப்பட்டுவிட்டன, நடுக்கம் நேராக்கப்பட்டுவிட்டது.

"பாட்டி எங்கடா உட்கார்ந்து பாடினாங்க?" என்று கேட்டேன்.

"கூடத்து ஊஞ்சல்லதான் மாமா."

"இந்தப் பாட்டுல அவங்க எங்க இருக்காங்க?"

சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் மிக நேர்மையாகப் பதில் சொன்னான்: "லிஸ்ட்ல கதீட்ரல்னு ஒண்ணு இருந்துச்சு மாமா. போட்டுப் பார்த்தேன், பெரிசாக் கேட்டுச்சு. வெச்சுட்டேன்."

அந்தப் பதிலை ஒரு பிள்ளையின் கவனக்குறைவென்று நான் கருதவில்லை. இன்று நம் நாட்டில் ஆயிரக்கணக்கான மாடியறைகளிலும் படுக்கையறைகளிலும் ஒரு மடிக்கணினியையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு இசை செய்யும் இளைஞர்களுக்கு, ரிவெர்ப், டிலே, கம்ப்ரஸர், ஈக்வலைசர் என்ற எஃபெக்டுகள் நூற்றுக்கணக்கில் கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடக்கின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும் என்று கற்பிக்கும் பாடங்களுக்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் பொத்தானைத் தொடுவதற்கு முன் ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியைக் கற்பிப்பவர் அரிது. பாடுகிறவர் எங்கே அமர்ந்திருக்கிறார், கேட்கிறவர் அவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதே அந்தக் கேள்வி. ஒலிக்கலவையில் எஃபெக்டுகளைத் தேர்வது என்பது அடிப்படையில் ஓர் இடத்தைத் தேர்வதுதான் என்பதும், இடத்தை முதலில் தீர்மானித்துவிட்டவனுக்கு மற்றத் தேர்வுகளெல்லாம் தாமே வழிவிடும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இது என் சொந்தக் கற்பனையன்று. இந்தச் சாதனங்களின் சரித்திரமே இதற்குச் சாட்சி. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், 1895-ஆம் ஆண்டில், ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசுகிறவரின் ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் காற்றில் தங்கி அடுத்த சொல்லோடு கலந்து குழம்பியபோது, அதைத் திருத்தும் பொறுப்பு வாலஸ் சபீன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகச் சுமந்துவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்க எத்தனை விநாடியாகிறது என்று கடிகாரத்தில் அளந்து அளந்து, ஓர் அறையின் பரிமாணத்துக்கும் அதிலுள்ள பொருள்களுக்கும் முழக்கத்தின் நீளத்துக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஞானத்தைக் கொண்டு கட்டப்பட்டு 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் இன்றும் உலகின் தலைசிறந்த இசையரங்குகளில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. என் மருமகன் சுவரில் தொங்கவிட்டிருக்கும் ஜமக்காளம் செய்யும் வேலை, சபீனின் மெத்தைகள் செய்த அதே வேலைதான்.

பின்னர் ஒலிப்பதிவாளர்கள் மெய்யான இடங்களையே பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1947-இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற பதிவாளர், ஹார்மோனிகா வாசிக்கும் மூவர் குழுவொன்றின் பாட்டுக்குத் தம் கூடத்தின் குளியலறையையே எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார். 1957-இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம், ஒரு பெரிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதை அதிரச்செய்து முழக்கம் உண்டாக்கும் சாதனத்தை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. குளியலறையை ஒதுக்கவும், 270 கிலோ எஃகைத் தூக்கிவைக்கவும் வேண்டியிருந்த காலத்தில், எவரும் 'போட்டுப் பார்த்தேன், வைத்துவிட்டேன்' என்று சொல்லியிருக்க முடியாது. அந்தப் பாரமே அவர்களை யோசிக்கவைத்தது. இன்று அதே தகட்டின் முழக்கம் எடையற்ற ஒரு பெயராகப் பட்டியலில் நிற்கிறது. ஆகவே அன்று எஃகு கற்றுக்கொடுத்த நிதானத்தை இன்று நாமே நமக்குக் கற்றுக்கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டிலே செய்யப்படும் இசையில் அந்த நிதானம் எத்தகைய பலனைத் தரும் என்பதற்கு, அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பைப் போல் ஓர் உதாரணத்தை நான் அறியேன். 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில், கேசட்டிலேயே நான்கு தடங்கள் பதிவு செய்யும் ஒரு டாஸ்காம் பெட்டியையும் சாதாரணமான இரண்டு மைக்குகளையும் வைத்துக்கொண்டு, பின்னால் குழுவோடு வாசிப்பதற்கு மாதிரியாக இருக்கட்டுமென்று அவர் தம் பாட்டுகளைப் பாடிப் பதிந்தார். கலவை செய்தபோது அவர் பயன்படுத்திய எஃபெக்ட், நாடாவில் எதிரொலி உண்டாக்கும் பழைய எக்கோபிளெக்ஸ் பெட்டி ஒன்று. கலவை போய்ச் சேர்ந்தது ஒரு பானசோனிக் கேசட் பெட்டியில். பின்னர் அதே பாட்டுகளைத் தேர்ந்த வாத்தியக்காரர்களோடு நியூயார்க்கின் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்து பார்த்தும், படுக்கையறைக் கேசட்டில் இருந்த உயிர் அவற்றில் வந்து அமரவில்லை. கடைசியில், உறைகூட இல்லாமல் அவர் தம் பையிலேயே சுமந்து திரிந்த அந்தக் கேசட்டே அவ்வாண்டு செப்டம்பரில் தொகுப்பாக வெளிவந்தது.

அந்தப் பாட்டுகளில் வருபவர்கள் குற்றத்தாலும் கடனாலும் தனிமைப்பட்டுப்போன மனிதர்கள். குரலும் கிதாரும் ஹார்மோனிகாவும் அந்த ஒரே பழைய எதிரொலிக்குள் நிற்பதால், நள்ளிரவில் ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொண்டு போவதுபோன்ற ஒரு வெளி, பாட்டு முழுவதும் மாறாமல் விரிந்து கிடக்கிறது. வசதிக் குறைவு அங்கே ஒரு குறையாகத் தோன்றாததற்குக் காரணம், அந்தக் குறைவான வசதியிலும் இடம் ஒன்றாக இருந்ததே. நம் பிள்ளைகள் செய்யும் கலவைகளிலோ, குரல் தேவாலயத்தில் நிற்கிறது. புல்லாங்குழல் மலைப் பள்ளத்தாக்கில் ஒலிக்கிறது. தபலா குளியலறையில் விழுகிறது. மூன்றும் ஒரே சமயத்தில் ஒரே மனிதனின் செவிக்குள் நுழையும்போது, இன்னதென்று சொல்லத் தெரியாத ஓர் அசௌகரியம் மட்டுமே அவனுக்கு மிஞ்சுகிறது.

இடம் தீர்மானமாகிவிட்டால், ஒவ்வோர் எஃபெக்டும் அந்த இடத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடையாக மாறிவிடுகிறது. அறை எவ்வளவு பெரியது என்பதற்கு ரிவெர்ப் என்ற முழக்கத்தின் நீளம் விடை. ஒலி ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ மூன்று மில்லிவிநாடி ஆகிறது. ஆகையால் குரலுக்கும் அதன் முழக்கத்துக்கும் இடையே இருபது முப்பது மில்லிவிநாடி இடைவெளி விட்டால், சுவர்கள் தொலைவில் நிற்க, பாடுகிறவர் நம் அருகே வந்துவிடுகிறார். இடைவெளியே இல்லையென்றால் அவரும் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறார். 'ப்ரீ-டிலே' என்று பெயரிட்டு மூலையில் வைத்திருக்கும் அந்தச் சிறு குமிழைப் பலர் தொடுவதே இல்லை. என் அனுபவத்தில், குரலின் சமீபத்தை நிர்ணயிப்பதில் அதற்கு நிகரான குமிழ் வேறில்லை.

நம் சங்கீதத்துக்கு இங்கே ஒரு விசேஷ எச்சரிக்கையும் அவசியம். மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும் மேனாட்டு வாத்தியக் கோஷ்டிக்கு இரண்டு விநாடி முழக்கம் அழகூட்டலாம். துரித காலத்தில் விநாடிக்கு எட்டுச் சொற்கள் விழும் மிருதங்கத்தின்மேல் அதே முழக்கத்தைப் போட்டால், ஒவ்வொரு சொல்லும் தனக்குப் பின்னால் வரும் பதினாறு சொற்களின்மேல் வழிந்து, வித்வானின் விரல்கள் பல வருஷ சாதகத்தில் தனித்தனியே பிரித்துக் காட்டிய நாதங்களை ஒரே மேகமாக்கிவிடும். கமகமும் அப்படியே; ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் பாதையே ராகத்தின் முகமாக இருக்கும்போது, அந்தப் பாதையின் எல்லாப் புள்ளிகளையும் காற்றில் ஒருசேர நிறுத்திவைக்கும் நீண்ட முழக்கம் அந்த முகத்தில் புகையைப் பூசுகிறது.

சுருதி திருத்தும் சாதனத்தில் இந்த அபாயம் இன்னும் பெரிது. பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் இடத்தை அதிர்வலைகளால் ஆராயும் தொழிலிலிருந்து வந்த ஆண்டி ஹில்டெபிராண்ட், 1997-இல் ஆட்டோ-டியூனை வெளியிட்டார். அது பாடுகிறவரின் ஸ்வரத்தைக் கண்டு, தனக்குக் கொடுக்கப்பட்ட ஸ்வர வரிசையில் மிக அருகிலுள்ள ஒன்றின்மேல் அதை இழுத்து நிறுத்துகிறது. மறுவருஷமே 'பிலீவ்' என்ற பாட்டில் ஷெர் என்ற பாடகியின் குரலை அது வேண்டுமென்றே படிக்கட்டுப்போல் மாற்றிக் காட்டிற்று. அங்கே அது பாட்டின் உத்தேசத்தோடு இசைந்த பிரயோகம். தோடியின் காந்தாரம் எந்த ஒரு புள்ளியிலும் நிற்பதில்லை, அசைவதே அதன் சொரூபம் என்பதை அந்தச் சாதனம் அறியாது. அதன் வேகத்தை உச்சத்தில் வைத்து ஒரு கர்நாடக ராகத்தைத் திருத்தப் புகுகிறவன், பிழையென்று நினைத்து உயிரை அகற்றுகிறான். என் தாயாரின் குரல் நடுக்கத்துக்கு நேர்ந்ததும் இதுவே.

கம்ப்ரஸர், உரத்த ஒலியை அமுக்கி, பிறகு முழுவதையும் சிறிது உயர்த்துகிறது. அதனால் மெல்லிய மூச்சும் உதட்டின் ஈரமும் மேலெழுந்து, பாடுகிறவர் நம் தோளருகே வந்து அமர்கிறார். எவ்வளவு அருகே என்பதுதான் அதைக் கேட்கவேண்டிய கேள்வி. அதை மிதமிஞ்சிப் பிரயோகித்தால், ஏற்றமும் இறக்கமும் ஒரே மட்டமாகி, அழுகைக்கும் அதட்டலுக்கும் வித்தியாசமில்லாமல் போகும். ஈக்வலைசரோ பெரும்பாலும் கூட்டுவதைவிடக் குறைப்பதற்கே உதவவேண்டியது. மைக்குக்கு மிக நெருங்கிப் பாடியதால் தடித்துப்போன அடிக்குரலையும், சிறிய அறை தானாகச் சேர்த்துவிட்ட இருநூறு முந்நூறு ஹெர்ட்ஸ் பகுதியின் கும்மென்ற சத்தத்தையும் இறக்கினாலே, கூட்டுவதற்கு வேறொன்றும் தேவைப்படாத பாட்டுகள் அநேகம்.

தேர்ந்தது சரிதானா என்று சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. அதில் ஒரு நிபந்தனையும் உண்டு. எஃபெக்டைப் போட்டும் எடுத்தும் மாறி மாறிக் கேட்கும்போது, இரண்டின் சத்த அளவும் சமமாக இருக்கவேண்டும். ஒலி சற்று உரத்தால் அடிநாதமும் உச்சநாதமும் செவிக்கு மேலும் நிறைவாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். பெரும்பாலான எஃபெக்டுகள் சத்தத்தைச் சிறிது கூட்டிவிடுவதால், எதைப் போட்டாலும் நன்றாக இருப்பதுபோன்ற பிரமை உண்டாகிறது. 'பெரிசாக் கேட்டுச்சு' என்று என் மருமகன் சொன்னதன் ரகசியம் இதுதான். அந்த உரப்பால் இறுதியில் ஆதாயமும் இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் சாதாரணமாக எல்லாப் பாட்டுகளையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற ஏறத்தாழ ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. சமமான அளவில் கேட்டு, எஃபெக்டை எடுத்துவிட்டால் பாட்டு எதை இழக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அது இருக்கட்டும்; முடியாவிட்டால் அது போகட்டும்.

இசை மெய்யான அறைகளுக்கு அடிமைப்பட வேண்டுமா, கற்பனை செய்யக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். கூடும், கற்பனையான இடமும் ஓர் இடமே, அதை முழுமையாகக் கற்பனை செய்யவேண்டும் என்பதே என் வேண்டுகோள். லாஸ் ஏஞ்சல்ஸில் பெற்றோர் வீட்டின் சிறு படுக்கையறையில் பில்லி ஐலிஷும் அவர் தமையன் ஃபினியஸும் செய்த முதல் தொகுப்பில், அந்தப் பெண்ணின் குரல் கேட்பவரின் செவிமடலைத் தொடும் அளவுக்கு நெருங்கி முணுமுணுக்கிறது. எந்த அறையிலும் எவரும் அப்படிக் கேட்டதில்லை. எனினும் அந்த நெருக்கம் ஒரு தீர்மானம். 2020-இல் கிராமி விருதுகளின் நான்கு பிரதானப் பிரிவுகளையும் பில்லி ஐலிஷ் வென்றபோது, படுக்கையறை ஒரு குறையென்ற எண்ணம் உலகெங்கும் தகர்ந்தது. நமக்கோ அது அதற்கும் முன்னரே தகர்ந்திருக்கவேண்டும். 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்ந்தாற்போல் அமைத்த பஞ்சதன் கூடத்திலிருந்துதானே ஏ.ஆர். ரஹ்மான் 1992-இல் 'ரோஜா'வின் இசையைத் தந்தார்!

வடமொழி அலங்கார நூலார் ஔசித்யம் என்றொரு தன்மையைச் சொல்வார்கள். இடத்துக்கும் பொருளுக்கும் பாத்திரத்துக்கும் தகுதியாக அமைதல் என்பது அதன் பொருள். இசைக் கல்லூரிகளும் ஒலிப்பொறியியல் வகுப்புகளும், பொத்தான்களின் பாடத்துக்கு முன் இந்த ஔசித்யத்தைப் பாடமாக வைக்கவேண்டும். மாணவனைக் கண்ணைக் கட்டி ஒரு கோயில் மண்டபத்திலும், ஒரு திண்ணையிலும், ஒரு நெல் கிடங்கிலும் நிறுத்திக் கைதட்டச் சொல்லி, செவியால் இடத்தை அறியப் பழக்கவேண்டும். அப்படிப் பழகியவன் பட்டியலிலுள்ள பெயர்களைப் பார்த்து மயங்க மாட்டான்.

அன்றிரவு நாங்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். தேவாலயத்தை எடுத்தோம், கத்தரித்த மூச்சுகளைத் திரும்ப வைத்தோம், புல்லாங்குழலைப் பாட்டியின் குரலுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நிறுத்தினோம். ஊஞ்சலின் முனகலை அவன் தயங்கித் தயங்கிச் சேர்த்தபோது, அதுவே பாட்டின் தாளமாக அமைந்திருந்தது இருவருக்கும் ஒரே சமயத்தில் புலப்பட்டது. அவள் அந்த முனகலுக்கு இசையத்தான் பாடியிருக்கிறாள். மறுநாட்காலை மழை நின்றதும், அவன் மைக்கைக் கூடத்து ஊஞ்சலருகே வைத்துவிட்டு, எதிர்க்கோடியில் நின்று இரண்டு மரக்கட்டைகளை ஒருமுறை தட்டினான். அந்தத் தட்டலுக்குக் கூடம் சொன்ன பதில் ஒரு விநாடிக்கும் குறைவானது. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றியதும், மாடியறையில் தனியே வாசித்த கீபோர்டும் புல்லாங்குழலும் படியிறங்கிவந்து, பாட்டியோடு அதே கூடத்தில் அமர்ந்துகொண்டன.

உறையூரிலும் கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் முற்றமும் கூடமும் கொண்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகி வருகின்றன. அவற்றின் தூண்களையும் கதவுகளையும் வாங்கிப் பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாலாட்டும் ஒப்பாரியும் கலியாணப் பாட்டும் கேட்டு வளர்ந்த அவற்றின் முழக்கத்தைப் பாதுகாக்க, இரண்டு மரக்கட்டைகளும் ஒரு மைக்கும் போதும். மடிக்கணினி வைத்திருக்கும் ஒவ்வோர் இளைஞனும் இளம்பெண்ணும் தங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஒரு கூடத்தையேனும், அது நின்றுகொண்டிருக்கும்போதே, ஒருமுறை தட்டிப் பதிந்து வைக்கட்டும். எங்கோ இருக்கும் தேவாலயத்தின் பெயரைத் தேடிப் பட்டியலில் அலையாமல், நம் பாட்டுக்குப் பாயைப் போட நம்மிடமே ஓர் இடம் இருக்கும்.